ஜெயரூபி மிஸ்ஸின் வலது காது

கட்டைபறிச்சானிலும் அதையொட்டிய ஊர்களிலும் பத்தொன்பது வருடங்களாகப் பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களை, அவர்கள் தாயின் வயிற்றுக்குள் இருக்கும்போதே ஜெயரூபிக்குத் தெரியும். அவர் குடும்பநல உத்தியோகத்தர். சனங்களுக்கு அந்தப் பெயர் நீளமாகப் பட்டது. ‘மிட்வைப் மிஸ்’ என்பார்கள், இல்லாவிட்டால் வெறும் ‘மிஸ்’. கர்ப்பிணிகளைப் பதிவது, நிறை பார்ப்பது, பிரசர் பார்ப்பது, பிள்ளை பிறந்து பத்து நாளுக்குள் வீட்டுக்குப் போய் எட்டிப் பார்ப்பது, தடுப்பூசிக்கு வராத தாய்மாரைத் தேடிப்பிடித்து ஏசுவது எல்லாம் அவருடைய வேலைதான். ஏச்சு வாங்கியவர்களே அடுத்த முறை முருங்கைக்காயும் கத்தரிக்காயும் பையில் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

கணவர் இராகுலன் மூதூர் இறங்குதுறைக்குப் பக்கத்தில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர். ஒரே மகள் விதுர்ஷிகா.

வீடுகளுக்குப் போகும்போது ஜெயரூபியின் பையில் ஒரு சாண் நீளமான அலுமினியக் குழல் இருக்கும். அதன் விரிந்த முனையைக் கர்ப்பிணியின் வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதைப் பொருத்தி, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு கேட்க வேண்டும். குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு நூற்றிருபது தொடக்கம் நூற்றறுபது வரை துடித்தால் பயமில்லை. கிளினிக்கில் இதற்கு மெசின் இருந்தாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் அதைக் காவித் திரிய முடியாது. பயிற்சிக் காலத்திலிருந்தே ஜெயரூபி குழலுக்கு வலது காதைத்தான் கொடுப்பார். இடது காதை வைத்தால் கழுத்தைத் திருப்பும் விதம் அவருக்குச் சரிவரவில்லை. இதை யாரும் கவனித்ததில்லை. அவரும் அதைப் பற்றி நினைத்ததில்லை.

அந்தக் காதுக்கு எப்போது கேடு வந்தது என்று பிறகு டொக்டர்மார் திருப்பித் திருப்பிக் கேட்டபோது அவரால் ஒரு நாளைச் சொல்ல முடியவில்லை. தொலைபேசியை எப்போதிருந்தோ இடது பக்கம்தான் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். வலது பக்கம் வைத்தால் பேசுகிறவரின் குரல் கேட்கும், சொல் விளங்காது. பக்கத்து அறையில் குளிர்சாதனப் பெட்டி ஓடுவது போல ஓர் இரைச்சல் காதுக்குள் எப்போதும் இருந்தது. மகள் பின்வளவில் நின்று கூப்பிட்டால் இவர் முன்வாசலைப் பார்ப்பார்.

“அம்மா, நான் இஞ்ச நிக்கிறன். நீங்கள் எங்க பாக்கிறியள்?” என்று விதுர்ஷிகா சிரிப்பாள்.

ஸ்கூட்டியிலிருந்து இறங்கும்போது சில நாட்களில் நிலம் ஒரு பக்கமாகச் சரிவது போலிருக்கும். வெயில் என்றார். ஹெல்மெட் இறுக்கம் என்றார். வயது நாற்பதைத் தாண்டினால் இப்படித்தான் என்றார். ஊர்ப் பெண்களுக்குத் தலைசுற்று என்றால் அன்றைக்கே இரத்தம் சோதிக்க அனுப்புகிறவர், தன்னை எங்கேயும் அனுப்பவில்லை.

2023 தை மாதம், மூதூர் ஓரமாக இருந்த ஒரு வீட்டுக்குப் போனார். சுஹைராவுக்கு அது இரண்டாவது பிள்ளை, முப்பத்து நாலாவது கிழமை, எட்டாம் மாதம். ஒரு முறைப்பாடும் இல்லை. நிறை பார்த்தார், பிரசர் பார்த்தார், குழலை வைத்துக் காதைக் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

குழலை நகர்த்தினார். தொப்புளுக்குக் கீழே, இடப்பக்கம், வலப்பக்கம். தன் காதின் இரைச்சல் மட்டும் இருந்தது.

“என்ன மிஸ்?” என்றாள் சுஹைரா.

“கொஞ்சம் அசையாமப் படுங்கோ.”

“புள்ளைக்கு என்ன மிஸ்? முகம் ஏன் இப்பிடிப் போச்சு? சொல்லுங்களேன்!”

ஜெயரூபி குழலை எடுத்துப் பைக்குள் வைத்தார்.  “பயப்பிடாதேங்கோ, ஆஸ்பத்திரியில ஒருக்கா வடிவாப் பாப்பம்” என்று அவர் சொன்ன விதத்திலேயே எல்லாம் வெளிப்பட்டுவிட்டது. சுஹைரா அலறினாள். அவளுடைய கணவர் றிப்தி கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடிவந்தார். அம்புலன்ஸில் ஜெயரூபியும் ஏறினார். வழி நெடுக சுஹைரா வயிற்றைத் தடவியபடி, “என்ட ரப்பே, என்ட ரப்பே” என்று இறைவனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். ஜெயரூபி அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்ததும் திரையில் அந்தச் சிறிய இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டினார். அறை முழுக்கக் குதிரை ஓடுவது போலக் கேட்டது.

“பிள்ளை நல்லா இருக்குதே” என்றார் டொக்டர்.

சுஹைரா எழுந்து உட்கார்ந்து ஜெயரூபியைப் பார்த்தாள். “என்ட உசிர எடுத்திட்டீங்களே மிஸ்” என்றாள்.  றிப்தி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார்.

ஜெயரூபி அவளிடம் கெஞ்சிக் கேட்டு, இன்னொரு தடவை குழலை வைத்தார். வலது காதில் ஒன்றுமில்லை. பிறகு கட்டிலின் மறுபக்கம் சுற்றிப் போய், பழக்கமில்லாத மாதிரிக் கழுத்தைத் திருப்பி, இடது காதைக் கொடுத்தார். தூரத்துக் கிணற்றடியில் யாரோ துணி அடிப்பது போல, சீராக, சந்தேகமே இல்லாமல் கேட்டது.

அங்கேயே, குனிந்த நிலையிலேயே, அவருக்கு சோபனாவின் நினைப்பு வந்தது.

சோபனா கட்டைபறிச்சானில் வாழ்க்கைப்பட்டவள். 2020 சித்திரையில் அவளுக்கு இருபத்து நாலு வயது, வயிற்றில் முதல் பிள்ளை. கொரோனா ஊரடங்கு. கிளினிக் பூட்டிக் கிடந்தது. தெருவில் போவதற்குப் பாஸ் இருந்த சிலரில் ஜெயரூபியும் ஒருவர். ஒரு வெள்ளிக்கிழமை சோபனா தொலைபேசியில், “மிஸ், ரெண்டு நாளா பிள்ளை துடிக்கிறது குறைவு மாதிரிக் கிடக்கு” என்றாள். ஜெயரூபி அரை மணித்தியாலத்தில் அவள் வீட்டில் நின்றார். குழலை வைத்துக் கேட்டார். “நல்லாத் துடிக்குது பிள்ளை. யோசிக்காத. தண்ணி கூடக் குடி, இடப்பக்கம் சரிஞ்சு படு” என்றார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை. ஊரடங்கில் வாகனம் பிடித்து அனுப்புவது பெரும்பாடு, அங்கே போனால் நோய் தொற்றிவிடும் என்றும் பயம். திங்கட்கிழமை சோபனாவுக்குப் பிரசவக் குத்து வந்தது. பிள்ளை இறந்து பிறந்தது. ஆண் பிள்ளை. இறந்து எத்தனை நாள் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

அன்றைக்கு ஜெயரூபியை யாரும் குறை சொல்லவில்லை. ஊரடங்கிலும் ஓடி வந்தாரே என்றுதான் சொன்னார்கள்.

சுஹைராவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த ஜெயரூபி, பின்னேரம் அலுமாரியிலிருந்து பழைய வேலைக் கொப்பிகளை இறக்கினார். 2020இன் கொப்பியில் அந்த வெள்ளிக்கிழமையின் பக்கம் இருந்தது. அவருடைய கையெழுத்துத்தான். ‘அசைவு குறைவு என்கிறார். இதயத் துடிப்பு 144.’ முந்தின மாதத்துப் பக்கத்தைப் புரட்டினார். அங்கேயும் 144.

இரண்டு முறை ஒரே எண்ணிக்கை வருவது நடக்காத காரியமில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை உண்மையிலேயே எண்ணினாரா, அல்லது கேட்டது போலிருந்த ஏதோ ஒன்றுக்கு முந்தின மாதத்து எண்ணை எழுதிவிட்டாரா என்று அவருக்கு நினைவில்லை. அந்த வீட்டின் நீலத் திரை நினைவிருந்தது, சோபனா போட்டிருந்த சட்டை நினைவிருந்தது. காதில் கேட்டது என்ன என்பது மட்டும் நினைவில்லை.

மறுநாளே சுகாதார வைத்திய அதிகாரியிடம் போய், தனக்குக் காது கேட்கவில்லை, இனி வீடுகளுக்குப் போகமாட்டேன் என்று சொல்லி லீவு எழுதிக் கொடுத்தார். திருகோணமலையில் காதுப் பரிசோதனை. சத்தம் புகாத சின்ன அறைக்குள் கதிரையில் இருத்தி, காதில் பொருத்திய கருவியில் ஒலிகளை விட்டார்கள். இடது காதின் கோடு தாளின் மேற்பக்கமாக ஓடியது. வலது காதின் கோடு பாதியில் விழுந்து அடிக்குப் போனது. வலது காதில் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னபோது இருபத்தைந்தில் மூன்றைத்தான் சரியாகச் சொன்னார். ஒரு காதில் மட்டும் இப்படி விழுந்தால் தலையைப் படம் எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும் என்றார் டொக்டர்.

எம்.ஆர்.ஐ. படத்தைக் கொழும்பில் டொக்டர் அர்ஷாக் பார்த்தார். மூளை, நரம்புச் சத்திரசிகிச்சை செய்கிறவர். வெள்ளைத் திரையில் படத்தைக் கொழுவி, பேனையால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். காதின் உட்புறத்துக்கும் மூளையின் தண்டுக்கும் நடுவில், பாக்குப் போல, ஆனால் பாக்கைவிடப் பெரிதாக, ஒரு வெளுப்பு.

“இது புற்றுநோய் இல்லை. அதை முதல்ல சொல்லிடுறன்” என்றார். “காதில இருந்து மூளைக்கு ஒரு நரம்பு போகுது. அதில ஒரு பங்கு கேக்கிறதுக்கு, ஒரு பங்கு விழாம நிக்கிறதுக்கு. நிக்கிறதுக்கான பங்கைச் சுத்தி இருக்கிற உறையில இருந்து இது வளருது. வருசத்துக்கு ஒண்டு ரெண்டு மில்லிமீற்றர்தான். வேற எங்கயும் பரவாது.”

இராகுலன் பெருமூச்சு விட்டார். “அப்ப பயமில்லை, என்ன டொக்டர்?”

“சின்னதா இருந்தா பயமில்லை எண்டுதான் சொல்லுவன். சின்னக் கட்டியைச் சும்மா விட்டு, வருசா வருசம் படம் எடுத்துப் பாத்துக்கொண்டு இருக்கலாம். கதிர்வீச்சுக் குடுத்து வளராம நிப்பாட்டவும் பாக்கலாம். இது மூண்டரை சென்ரிமீற்றர். மூளைத்தண்டைத் தள்ளிக்கொண்டு நிக்குது. விட்டா மூளைக்குள்ள தண்ணி தேங்கும், பிறகு நடக்கவும் ஏலாது, விழுங்கவும் ஏலாது. எடுக்கத்தான் வேணும்.”

“எடுத்தாக் காது கேக்குமோ?” என்று ஜெயரூபி கேட்டார்.

“இல்லை. அந்தக் காது முழுசாப் போயிடும். இன்னொண்டும் இருக்கு. முகத்தை அசைக்கிற நரம்பும் அதுக்குப் பக்கத்தாலதான் போகுது. கட்டி அதைத் தாளாட்டம் நசிச்சு வைச்சிருக்கும். அறுபடாமப் பாப்பம். தேவைப்பட்டா அதில ஒட்டின கட்டியில கொஞ்சத்தை அப்பிடியே விட்டிடுவன். ஆனாலும் முகம் ஒரு பக்கம் கொஞ்சக் காலத்துக்கு விழலாம். சிலருக்கு முழுசாத் திரும்பி வாறதில்லை.”

ஜெயரூபி தலையாட்டினார். பிறகு, இராகுலன் எதிர்பார்க்காத கேள்வியைக் கேட்டார். “இது எத்தினை வருசமா இருந்திருக்கும் டொக்டர்?”

“சரியாச் சொல்ல ஏலாது. பத்து வருசமும் இருக்கலாம்.”

“2020இல?”

“கட்டி இருந்திருக்கும். காது அப்ப எவ்வளவு கேட்டது எண்டு இனி ஒருத்தராலயும் சொல்ல ஏலாது. ஏன் கேக்கிறீங்க?”

“சும்மா” என்றார் ஜெயரூபி.

சத்திரசிகிச்சைக்கு ஆனி மாதத்தில் நாள் கிடைத்தது. அதற்கு முன், புதிதாக வந்த ஷிஃபானா என்ற உத்தியோகத்தரிடம் கர்ப்பிணிகளின் விபரங்களை ஒப்படைக்க ஒருநாள் கிளினிக்குக்குப் போனார். வரிசையில் சோபனா இருந்தாள். மூன்று வருடம் கழித்து மறுபடி வயிறு. ஆறாம் மாதம்.

“மிஸ், இந்த முறை நீங்கள் நிண்டுதான் பாக்கோணும்” என்று ஜெயரூபியின் கையைப் பிடித்தாள். “வேற ஆரிலயும் எனக்கு நம்பிக்கை இல்லை.”

ஜெயரூபி கையை விடுவித்துக்கொண்டார். தனக்கு ஒரு சின்ன ஒப்பரேசன் இருப்பதாகவும் ஷிஃபானா நன்றாகப் பார்ப்பார் என்றும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

வீட்டில் இராகுலனிடம் எல்லாவற்றையும் சொன்னார். அதுவரை அவருக்கு அந்தக் கொப்பியைப் பற்றித் தெரியாது. கேட்டுவிட்டுக் கொப்பியை வாங்கி இரண்டு பக்கங்களையும் பார்த்தார்.

“அவளிட்டச் சொல்லோணும்” என்றார் ஜெயரூபி.

“இப்பவோ? வயித்தில பிள்ளையோட இருக்கிறவளிட்டயோ? உனக்கென்ன விசரே? அதோட, நடந்தது என்னண்டு உனக்கே தெரியாது. தெரியாத ஒண்டை என்னண்டு சொல்லுவாய்?”

“தெரியாதெண்டதைத்தான் சொல்லோணும்.”

“பிள்ளை பிறக்கட்டும். நீயும் சுகமா வா. பிறகு பாப்பம்.”

அதில் நியாயம் இருந்தது. ஜெயரூபி ஒப்புக்கொண்டார்.

சத்திரசிகிச்சை பத்து மணித்தியாலம் நடந்தது. வலது காதுக்குப் பின்னால் மயிரை மழித்து, எலும்பைத் திறந்து, கட்டியை உள்ளிருந்து துண்டு துண்டாக எடுத்தார்கள். முகநரம்பில் ஒட்டியிருந்த மெல்லிய பகுதியை மட்டும் விட்டுவிட்டார்கள். கண் விழித்தபோது கட்டில் சுழன்றது. கண்ணை மூடினாலும் சுழன்றது. மூன்று நாள் சத்தி, குடித்த தண்ணீரும் வெளியே வந்தது. வலது காதில் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் மட்டும் போகவில்லை. அதுவாவது நிற்கும் என்று நினைத்திருந்தார். செத்த காதிலும் அது நிற்காமல் இருந்தது.

ஐந்தாம் நாள் கண்ணாடி கேட்டார். தாதி தயங்கினார். விதுர்ஷிகா தன் தொலைபேசியின் கமராவைத் திருப்பிக் கொடுத்தாள். முகத்தின் வலது பாதி கீழே வழிந்து கிடந்தது. சிரித்துப் பார்த்தார். இடது பாதி மட்டும் சிரித்தது, வலது கண் மூடாமல் வெறித்துக்கொண்டிருந்தது.

“நரம்பு அறுபடேல்லை அம்மா. டொக்டர் சொன்னவர், வருமாம்” என்றாள் மகள். சொல்லிவிட்டு வெளியே போய் விறாந்தையில் நின்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் இரண்டு மாதம் சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். ஒருபக்கத்துச் சமநிலை நரம்பு போய்விட்டால் மற்றப் பக்கம் இரண்டு பேரின் வேலையையும் பழகிக்கொள்ளும், அதற்கு நடக்க நடக்கத்தான் வேண்டும் என்று பயிற்சி கொடுத்தவர் சொல்லியிருந்தார். விடியவும் பின்னேரமும் இராகுலன் அவரைக் குளத்துக் கட்டுக்குக் கூட்டிப்போவார். தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டு நடக்கச் சொல்வார். முதல் நாள் பத்து அடி. பிறகு இருபது. இருட்டத் தொடங்கினால் கால் எங்கே படுகிறது என்று தெரியாமல் தடுமாறிவிடும், ஆதலால் வெளிச்சம் இருக்கவே திரும்பிவிடுவார்கள். படுக்கும்போது வலது கண்ணுக்கு மருந்து பூசி இமையை பிளாஸ்டரால் ஒட்ட வேண்டும். சாப்பிடும்போது வாயின் வலது மூலையால் குழம்பு வடியும். வீட்டுக்கு யாராவது வந்தால் அவர் குசினிக்குள் போய்விடுவார்.

புரட்டாதியில் சோபனாவுக்குப் பெண் பிள்ளை பிறந்ததாக ஷிஃபானா தொலைபேசியில் சொன்னார். இரண்டே முக்கால் கிலோ. தாயும் பிள்ளையும் சுகம். ஜெயரூபி தொலைபேசியை வைத்துவிட்டு அழுதார். அழுகையும் ஒரு பக்கத்துக்குத்தான் வந்தது. வலது கண்ணில் கண்ணீர் வற்றிப்போயிருந்தது.

அடுத்த மாசி மாதம், ஒரு காலைநேரம், இராகுலனின் மோட்டார் சைக்கிளில் சோபனாவின் வீட்டுக்குப் போனார். இராகுலன் சந்து போன்ற அந்த ஒழுங்கையின் முடக்கில் நின்றுகொண்டார். “நான் வரேல்லை. உன்ர விருப்பம்” என்றார்.

சோபனா பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். ஜெயரூபியின் முகத்தைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ மிஸ், என்ன இது?” கதிரையை இழுத்துப் போட்டாள். ஜெயரூபி அவளை இடது பக்கம் இருக்கச் சொல்லி, உதட்டைக் கையால் பிடித்துக்கொண்டு சொன்னார். ‘ப’வும் ‘ம’வும் சரியாக வரவில்லை. கட்டியைப் பற்றி, காதைப் பற்றி, குழலைப் பற்றி, அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி, நூற்று நாற்பத்து நான்கைப் பற்றி. கேட்டேனோ கேட்கவில்லையோ, எனக்கே தெரியாது. கேட்காமலே கேட்டதென்று சொல்லியிருக்கலாம்.

சோபனா பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

“நான் ஆஸ்பத்திரிக்குப் போக வெளிக்கிட்டனான்” என்றாள் மெதுவாக. “அண்டைக்கு. பை எல்லாம் கட்டினனான். நீங்கள் வந்து நல்லாத் துடிக்குது எண்டு சொன்ன பிறகுதான் பையை அவிட்டனான்.”

ஜெயரூபி உதட்டிலிருந்து கையை எடுத்தார்.

“நாலு வருசமா என்ர மாமி என்ன சொல்லுறா தெரியுமோ மிஸ்? உழவு மெசின் பெட்டியில ஏறித் தாய் வீட்டுக்குப் போய்வந்துதான் பிள்ளையைக் குலுக்கிச் சாகடிச்சவளாம். ஒரு கலியாண வீட்டில, சனத்துக்கு முன்னால சொன்னவ. என்ர மனுசனும் ஒருநாள் கேட்டவர், ஏன் போனனீ எண்டு. நானும் அப்பிடித்தான் நினைச்சனான். ஒவ்வொரு நாளும் நினைச்சனான். ஏன் போனனான், ஏன் போனனான் எண்டு.”

பிள்ளை சிணுங்கியது. அவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். முகம் மாறியிருந்தது.

“எனக்குச் சொன்னது காணாது மிஸ். மாமி பின்வளவில நிக்கிறா. அவவுக்கு முன்னால சொல்லுங்கோ.”

ஜெயரூபி அதை எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம் ஒழுங்கைப் பக்கம் பார்த்தார். பிறகு கதிரையின் கையைப் பிடித்து எழுந்து, சுவரைத் தொட்டுத் தொட்டுப் பின்வாசலுக்குப் போனார்.

மாமியார் தங்கப்பிள்ளை ஓலை கட்டிக்கொண்டிருந்தார். ஜெயரூபி நின்றபடியே முழுவதையும் மறுபடி சொன்னார். வாயோரம் எச்சில் வடிந்தது, துடைத்துக்கொண்டு சொன்னார். தங்கப்பிள்ளைக்கு முதலில் விளங்கவில்லை. “என்ன சொல்லுறா இவ?” என்று மருமகளைக் கேட்டார்.

“பிள்ளை செத்தது மெசின்ல போனதால இல்லையாம்” என்றாள் சோபனா. குரல் உடைந்தது. “காது கேளாமப் பாத்தவவாம்.”

“அப்பிடி எண்டு தெரியாது. அப்பிடியும் இருக்கலாம்” என்றார் ஜெயரூபி.

தங்கப்பிள்ளை எழுந்து நின்றார். “செவிட்டுக் காதோட ஊரெல்லாம் திரிஞ்சியோ? என்ர பேரனை மண்ணில தாட்டுப்போட்டு, இவ்வளவு நாளும் எங்கட வீட்டில தேத்தண்ணி குடிச்சியே! ஆண்டவன் பாத்துத்தான் உனக்கு முகத்தைத் திருப்பி விட்டிருக்கிறான்.”

ஜெயரூபி தலை குனிந்து நின்றார். தங்கப்பிள்ளை இன்னும் கனக்கச் சொன்னார். மூச்சு வாங்கியதும் நிறுத்தினார். மருமகளிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அவளிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு, “நீ போய் இரு பிள்ளை. நிண்டு கால் கடுக்கப்போகுது” என்றார். நான்கு வருடத்தில் அவர் அவளைப் பிள்ளை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை என்று சோபனா பிறகு யாரிடமோ சொன்னாளாம்.

ஜெயரூபி தனியாக ஒழுங்கை முடக்குக்கு நடந்து வந்தார். சோபனா வாசல்வரை வரவில்லை.

கதை ஊருக்குள் ஒரே நாளில் பரவிவிட்டது. சோபனாவின் கணவன் வினோதன் சுகாதாரப் பணிமனைக்கு முறைப்பாடு எழுதினான். விசாரணை வைத்தார்கள். நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு காதின் நிலையை யாராலும் நிரூபிக்க முடியவில்லை. விசாரித்த அதிகாரி ஆவணக் கோவையை மூடிவிட்டு, “ஒருத்தரும் கேக்காத விசயத்தை நீங்களா ஏன் மிஸ் சொல்லப்போனீங்கள்?” என்று கேட்டார். மருத்துவச் சபை அவரை இனி வெளிவேலைக்கு விடக்கூடாது என்றது. பணிமனையில் தடுப்பூசிப் பதிவேட்டுக்கு முன்னால் ஒரு கதிரை கொடுத்தார்கள்.

விசாரணையை விடக் கடினமாக இருந்தது தாய்மாரின் வருகை. “என்ர பிள்ளையையும் அந்தக் காதாலதானே பாத்தனீங்கள்?” என்று கேட்டு வந்தார்கள். ஆறு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஒருத்தி, அவனுக்குப் பேச்சு வராததற்கும் அந்தக் காதுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று ஜெயரூபி விளக்கமாகச் சொன்னார். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. முருங்கைக்காய் யாரும் கொண்டுவருவதில்லை. சுஹைரா மட்டும், தன் பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு வட்டிலப்பம் செய்து றிப்தியிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். அந்த வாரம்தான் கதை பரவியது. அதன் பிறகு அவளிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை.

இராகுலன் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. ஆனால் பின்னேர நடைக்குக் கூட்டிப்போவதை ஒருநாளும் நிறுத்தவில்லை.

சோபனா தன் மகளுக்கு ஒன்றரை வயது ஊசி போடக் கொண்டுவந்தாள். தங்கப்பிள்ளைதான் பிள்ளையைத் தூக்கியிருந்தார். இருவரும் ஷிஃபானாவின் மேசைக்குப் போனார்கள். ஜெயரூபி பதிவேட்டில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். யாரோ வலது பக்கம் வந்து நின்றது நிழலில் தெரிந்தது. நிமிர்ந்து திரும்புவதற்குள் சோபனா வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

“சோபனா ஏதும் சொன்னவவோ?” என்று ஷிஃபானாவிடம் கேட்டார். 

“ஓம் மிஸ். அடுத்த ஊசி எப்ப எண்டு உங்களிட்டத்தான் கேட்டா. நீங்க பேசாம இருந்தீங்க, அதால நான் சொல்லி அனுப்பிட்டன்.”

“சரி” என்று ஜெயரூபி மறுபடி எழுதத் தொடங்கினார்.

இந்த வருடம் ஆனியில் மறுபடி படம் எடுத்தார்கள். நரம்போடு விட்ட துண்டு அப்படியே இருக்கிறது, வளரவில்லை. வலது கண் இப்போது முக்கால்வாசி மூடுகிறது. உதட்டின் ஓரத்தில் மெல்லிய அசைவு வந்திருக்கிறது. இதற்கு மேல் வருமோ என்று டொக்டர் அர்ஷாக் உறுதி சொல்லவில்லை. வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார்.

கொழும்பிலிருந்து திரும்பி வரும் பஸ்ஸில் இராகுலன் வழக்கம் போல அவருக்கு இடது பக்கம் இருந்தார். பஸ் கந்தளாயைத் தாண்டிக்கொண்டிருந்தது. வயல்களில் தண்ணீர் கட்டியிருந்தார்கள்.

“சொல்லாமலே விட்டிருக்கலாம் எண்டு இப்ப நினைக்கிறியோ?” என்று கேட்டார். சோபனா வீட்டுக்குப் போய்வந்த பிறகு அந்த விசயத்தைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

ஜெயரூபி அவர் பக்கம் திரும்பினார்.

“சில நாளில நினைக்கிறனான்” என்றார். “ஆஸ்பத்திரிக்குப் போக அவள் பை கட்டி வைச்சவளாம். அதை நான் சொல்லப்போன அண்டைக்குத்தான் கேள்விப்பட்டனான். சொல்லாட்டி எனக்கு அது தெரியாமலே இருந்திருக்கும்.”

இராகுலன் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பஸ் திருகோணமலைக்குள் நுழையும் வரை அதை விடவில்லை.